கொடைக்கானல் சுற்றுலா: மேகம் ஏறுவதற்கு முன்னால் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்க நெருங்க உங்கள் நாளிதழில் கொடைக்கானல் செய்திகள் கூடிக்கொண்டே போகின்றன. இ-பாஸ், வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச்சாவடியில் வண்டி வரிசை, மலர்க் கண்காட்சி எல்லாம் வருகின்றன. மலை ஏறி வந்த குடும்பத்துக்குக் கையில் இருக்கும் அந்த ஒரே நாள் எப்படிக் கழிகிறது என்பது மட்டும் வருவதில்லை. இங்கே வழிகாட்டி வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து அதைப் பற்றி எழுதுகிறோம்.

ஏழு ரோடு சந்திப்பில் நின்று பாருங்கள். "ஒரே நாளில் 12 ஸ்பாட்", "16 ஸ்பாட்" என்று கூவிக் கூவி ஆள் சேர்ப்பார்கள். வேன் கிளம்பப் பத்து மணி ஆகும். முதலில் ஊருக்குள் இருக்கும் பூங்கா, அடுத்து சாக்லேட் கடை, தேன் கடை, தைலக் கடை. அதற்குப் பிறகுதான் மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை. தூண் பாறையில் இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். சுமார் 122 மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக மூன்று பாறைகள் எதிரே நிற்கின்றன. ஒன்றுகூடக் கண்ணில் படாது. நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் கால் மணி நேரம் காத்திருந்து, மேகத்துக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டு, "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று வண்டி ஏறுகிறார்கள்.

நேரம் தப்பிப் போனதுதான் காரணம். கொடைக்கானல் பழநி மலையின் தென் விளிம்பில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்புக்குக் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கிக் கிடக்கும். அதனால் விடியலில் கீழே உள்ள குளங்கள்வரை துல்லியமாகத் தெரியும். வெயில் ஏறியதும் பாறைச் சரிவு சூடாகிறது. சூடான காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் விளிம்பை நெருங்கும்போது மேகமாகிறது. இந்தக் காற்று எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைப் பேரிஜம் சாலையில் உள்ள தொப்பித்தூக்கிப் பாறையில் பார்க்கலாம். தொப்பியைப் பள்ளத்தில் வீசினால் அது திரும்ப மேலே வரும். மேகத்தைத் தூக்கி வருவதும் அதே காற்று. தெளிவான மாதங்களில் பதினொரு மணிவாக்கில் விளிம்பு மூடத் தொடங்கும். மழை மாதங்களில் இன்னும் சீக்கிரம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழையும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, நாளின் வரிசையை அப்படியே புரட்டிப் போட வேண்டும். விளிம்புகள் காலையில், காடும் கூரையும் நடுப்பகலில், ஏரி பிற்பகலில். இதைச் செய்ய ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது. ஆனால் விடுதியிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது வழியில் சாப்பிடலாம்.

முதல் இடம் வட்டக்கானல், அங்கிருந்து டால்பின் நோஸ். ஒரு நாள் பயணத்தில் நடை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். ஆட்கள் அடிபடுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாறை முனைவரை பாதை முழுக்க இறக்கம். இதுதான் ஏமாற்றுகிறது. ஊட்டி, மூணாறு போல ஏறிப் போய் இறங்கி வரும் நடை என்று நினைத்து வருகிறவர்கள், தெம்பு இருக்கும்போது இறங்கிவிட்டு, தெம்பு தீர்ந்தபின் ஏற வேண்டியிருக்கிறது. இறங்க முப்பது, நாற்பது நிமிடம் போதும். பழக்கமில்லாதவர் ஏறிவர ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. முந்தின நாள் மாலை மதுரையில் இருந்தவருக்கு மறுநாள் காலை இங்கே மூச்சு வாங்கத்தான் செய்யும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இறங்கும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். பாதையின் முதல் கால் பங்கிலேயே பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் இடங்கள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்துவிட்டு வருவதில் ஒரு குறையும் இல்லை.

பாதையில் மண் அரித்துப் போய் மர வேர்கள் வெளியே கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுப் பட்டு அவை மெழுகு போட்டதுபோல் வழவழப்பாகிவிட்டன. பனி ஈரம் பட்ட வேர், கல்லைவிட மோசமாக வழுக்கும். வேரின் மேல் கால் வைக்கக் கூடாது. இரண்டு வேருக்கு நடுவே மண்ணில் வைக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். முழங்காலுக்கும் நல்லது, சறுக்கினாலும் உட்கார்ந்துவிடலாம். செருப்பு, தேய்ந்த கான்வாஸ், கொஞ்சம் உயரமான அடிப்பாகம் உள்ள ஷூ எதுவும் ஆகாது. புது ஷூவும் வேண்டாம், குதிகாலைக் கடித்துவிடும். கட்டை விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கிற பழகின ஷூ, காலுறை. இது போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், ஸ்டீல் பாட்டிலில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது. பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தின்பதற்கு இரண்டு கடலை மிட்டாய், இரண்டு வாழைப்பழம். கீழ்ப்பழநி மலையில் விளையும் விருப்பாட்சி வாழை கிடைத்தால் அதை வாங்குங்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பழம், கையில் தூக்கி நடந்தால் சீக்கிரம் நசுங்காது. தோலைக் காட்டில் எறிய வேண்டாம், குரங்கு பின்னாலேயே வரும். முழுக்கை ஸ்வெட்டரை நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடமே கழற்றிவிடுவீர்கள். கை இரண்டும் சும்மா இருக்கும்படி முதுகுப் பை வேண்டும். மேகமூட்டமாக இருந்தாலும் இந்த உயரத்தில் வெயில் தோலைச் சுடும், தொப்பி அவசியம்.

விடியலில் போவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. காட்டுமாடு இரவெல்லாம் மேய்ந்துவிட்டு அந்நேரம் சோலைக்குத் திரும்பும். இருட்டு முழுதாக விலகியபின், வழிகாட்டி முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வர வேண்டும். எதிரே மாடு நின்றால் முப்பது மீட்டராவது விட்டு நில்லுங்கள். அது உங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி, முதுகை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்றால் போட்டோவுக்கு நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று மிரட்டுகிறது. முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கைதட்டுவது, விசிலடிப்பது, பிளாஷ் போடுவது மூன்றும் ஆபத்து.

பாறை முனையில் வழிகாட்டி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் முனைப் பக்கம் விட வேண்டும். அவர்களும் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும். பாறை சமமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் முனை லேசாகச் சரிந்திருக்கிறது. மேலே கறுப்பாகப் படிந்திருப்பது காய்ந்தால் சொரசொரப்பு, ஈரம் பட்டால் விளக்கெண்ணெய். பள்ளத்திலிருந்து காற்று விட்டு விட்டு அடிக்கும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நிற்கிறவர், அது சட்டென்று நின்றதும் முன்னால் தள்ளாடுவார். போட்டோ எடுக்கிறவரும் பின்னால் அடி வைத்துக்கொண்டே போவார், அவரையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

கணுக்கால் பிசகுவதுதான் அடிக்கடி நடப்பது. பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றியதும் வீக்கம் ஏறிவிடும், பிறகு மாட்ட முடியாது. ஷூவோடு சேர்த்துக் கிரேப் பேண்டேஜால் எட்டுப் போல் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஆள் என்று ஏற்றிவிட வேண்டும். மேலே வந்தபின் கழற்றலாம். மழைக்காலத்தில் அட்டையும் சேர்ந்துகொள்ளும். கடித்த இடத்தில் அரைமணி நேரம் ரத்தம் கசிவது இயல்பு. துணி வைத்து அழுத்தினால் போதும். சரிவில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று மேலே டீக்கடையில் சொல்லிவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி, அதற்கு மேல் என்றால் இரண்டு. ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆளுக்கும் பின்னால். எக்கோ பாயிண்ட் இன்னும் கீழே இருக்கிறது. குழுவில் மெதுவாக நடக்கிறவரைப் பார்த்து முடிவெடுங்கள். அதையும் தாண்டி வெள்ளகெவிக்கு இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்தபின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காடு காய்ந்து கிடக்கும் காலத்தில் பாதைகளை மூடுவது அதனால்தான். "நமக்குத் தெரிந்த குறுக்குவழி இருக்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஒன்பது, ஒன்பதேகாலுக்கு மேலே வந்துவிட்டால் வட்டக்கானலில் டீயும் பிரட் ஆம்லெட்டும். அங்கிருந்து நேராகத் தூண் பாறை. பத்து மணிக்குள் நின்றால் மூன்று தூண்களும் அடிவரை தெரியும். ஸ்பாட் வேன்கள் அப்போதுதான் ஊரில் கிளம்பிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு. மோயர் பாயிண்ட்டையும் அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மேகம் ஏறத் தொடங்கியதும் குணா குகை, பைன் காடு. மேகத்தால் இவற்றுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பைன் காடு மேகத்தில்தான் அழகு. குணா குகையில் 2024-இல் ஒரு மலையாளப் படத்துக்குப் பிறகு கூட்டம் பல மடங்கு ஆகிவிட்டது. வேலியைத் தாண்டுகிறவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. அங்கே பள்ளம் திறந்து கிடப்பதில்லை. பாறைகளுக்கு நடுவிலுள்ள பிளவின்மேல் சருகும் வேரும் மூடிக் கிடக்கும். தரை என்று நம்பிக் கால் வைத்தால் தரை இருக்காது. வேலி அதற்காகத்தான் போட்டிருக்கிறது. பைன் காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஊசி இலை கால்பந்து மைதானத்துப் புல்போல் தெரிந்தாலும் சரிவில் சறுக்கும், குழந்தைகளை ஓடவிடாதீர்கள். தீக்குச்சி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடுப்பகலில் மழை வந்தால் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். நூறாண்டுக்கு மேல் நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் சேர்ந்திருக்கும் இடம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு இரண்டு சாக்லேட் கடைக்குப் போவது எங்களுக்கு மனசு கேட்பதில்லை. பார்வையாளர் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போகலாம். குறிஞ்சி பூத்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள்: கடைசியாக 2018, இனி 2030.

பிற்பகல் ஏரி. 1863-இல் மதுரை கலெக்டர் வெரே லெவிஞ்ச் காலத்தில் அணைகட்டி உண்டாக்கிய ஏரி இது. சுற்றுப்பாதை ஐந்து கிலோமீட்டர். சைக்கிள் எடுத்தால் வாங்கும் இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். படகில் ஏறும்போது லைப் ஜாக்கெட்டைத் தோளில் சும்மா மாட்டிக்கொள்வது போதாது. எல்லா வாரையும் இறுக்கியபின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் காதுவரை வந்தால் தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர் அளவு மாட்டிவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகலில் காற்று எழும். பெடல் படகில் போகும்போது காற்றடிக்கும் திசைக்கு எதிராக முதலில் போய்விட்டால் திரும்புவது சுலபம்.

எல்லோரும் காலையில் போகச் சொல்லும் கோக்கர்ஸ் வாக்கை நாங்கள் கடைசியில் வைக்கிறோம். காலையில் போனாலும் தவறில்லை, ஊர்கள் தெரியும். ஆனால் மாலையில் ஒரு காரணம் இருக்கிறது. நாலு, நாலரை மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே பள்ளம் நிறைய மேகம் ஏறி நிற்கும். இரண்டும் சரியாக அமைந்த நாளில் உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் ஆளுயரத்தைவிடப் பெரிதாக விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றி மட்டும்தான் வளையம் தெரியும், உங்களுடையது தெரியாது. கையை ஆட்டினால் மேகத்துக்குள் ஒரு கை ஆடும். அபூர்வமாகத்தான் அமையும், உத்தரவாதம் தர முடியாது. இருந்தாலும் மேகம் வந்தால் நாள் வீண் என்று நினைத்தவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

மேல்மலையை இந்த ஒரு நாளில் திணிக்காதீர்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் எல்லாம் தனி நாள் கேட்கும் இடங்கள். மன்னவனூருக்கு மட்டும் போக 35 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பூண்டு காயும் வாசனையோடு நடக்க அரை நாள் வேண்டும். அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, விவசாயியிடமே வாங்கலாம். ஜீப் சவாரி என்று கூப்பிட்டால், பாதை வருவாய்ச் சாலையா வனப்பாதையா என்று முதலில் கேளுங்கள். 2013 முதல் இங்கே 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வன உயிரினச் சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போனால் ஓட்டுநரோடு சேர்த்து உங்களுக்கும் வழக்கு. ஜீப்பின் பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவதை எந்த வழிகாட்டி அனுமதித்தாலும் அவர் வழிகாட்டியே இல்லை.

அருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புல்லாவெளியில் 2022-இல் படம் பிடிக்கும்போது பாறை வழுக்கி ஓர் இளைஞர் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் செல்போனில் பார்த்தார்கள். அருவியின் தலைப்பகுதியில், தண்ணீர் விழத் தொடங்கும் பாறையில், கணுக்கால் அளவு நீரிலும் நிற்கக் கூடாது. தடை போட்ட அருவிகளில் நீச்சல் தெரிந்தவர்களும் சிக்குகிறார்கள். தடாகத்தின் அடியில் பாறை இடுக்குகள் இருக்கின்றன, மேலிருந்து விழும் நீர் ஆளை அங்கே அழுத்துகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ பையைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது ஏரியிலிருந்து வழியும் நீர். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்றே இறங்குகிறவர்கள் ஐந்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் ஓட்டுநர்கள் வத்தலக்குண்டு சேர்வதற்குள் பிரேக்கைக் கருக்கிவிடுகிறார்கள். கருகல் வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு அதில் தாழ்ந்த கியரில் நிறுத்தி ஓட்டும் வசதி இருப்பதே தெரியவில்லை. மலை ஏறும் முன்பே கையேட்டைப் பாருங்கள். ஏறிவரும் வண்டிக்குத்தான் முதலில் வழி. வாந்தி வருகிறவர்கள் வண்டி ஏற ஒரு மணி நேரம் முன்னால் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்காரட்டும். அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும்; ஓட்டுநர் தொடவே கூடாது.

வருகிறவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். வேன் பேசும்போது எத்தனை ஸ்பாட் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவோம், தூண் பாறையில் எத்தனை மணிக்கு நிற்போம், கடைகளில் எவ்வளவு நேரம் போகும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரோடு போங்கள். கடைக்குக் கூட்டிப்போனால் சிலருக்குக் கமிஷன் உண்டு. அது அவர்கள் பிழைப்பு என்றாலும், உங்கள் காலை நேரத்திலிருந்து அதை எடுக்கக் கூடாது. சாயங்காலம் போகலாம், கடை எங்கும் போய்விடாது.

நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகள். வட்டக்கானலில் பாதை தொடங்கும் இடத்தில், "இறங்க 40 நிமிடம், ஏற ஒன்றேகால் மணி நேரம், பிற்பகல் 3 மணிக்கு மேல் இறங்கக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வையுங்கள். தூரத்தைப் போடுவதைவிட நேரத்தைப் போட்டால்தான் மக்களுக்குப் புரிகிறது. அடுத்து, தூண் பாறை, மோயர் பாயிண்ட் வாயில்களை ஏப்ரல், மே மாதங்களிலாவது இப்போது திறப்பதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கலாம். சீசன் நாளில் எல்லா வண்டியும் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டு நிற்பதற்குப் பதில், ஒரு பகுதியாவது காலையிலேயே பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பிவிடும். இந்த இரண்டு மாதம் சோதித்துப் பார்க்கட்டும். காலை முறைக்கு வாயிலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்த நாங்களே ஆள் தருகிறோம்.

இப்படிக்கு,
கொடைக்கானல் வழிகாட்டிகள் சிலர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.